நாலரைக் கட்டையில் ஒரு கார்

பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தினேன். அப்போதும் ஒரு சத்தமும் இல்லை. பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, மனசுக்குள் கபாலியைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி அழுத்தினேன். கார் கல் மாதிரி நின்றது.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஏதோ ஒரு ஊர். வாடகைக் கார்கள் நிற்கிற மைதானம். காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்து சீட்டில் பாட்டுக்காரி கோமதி, ஏசிக்குப் பயந்து கழுத்தில் மஃப்ளரோடு. பின்சீட்டில் மிருதங்கம் பாலாஜி. அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு மிருதங்கம், அந்தப் பக்கம் ஒரு மிருதங்கம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வயலின்காரியான நான். சாயங்காலம் வேறொரு ஊரில் கச்சேரி. போய்ச் சேர ஏழு மணி நேரமாவது ஆகும். வண்டி கிளம்பவில்லை.

கண்ணாடி அறைக்குள் போய் ஓர் ஊழியரைக் கூட்டி வந்தேன். அவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, வண்டி கிளம்பித்தான் இருக்கிறது, நீங்கள்தான் அதை அணைத்து அணைத்துப் போடுகிறீர்கள் என்று மரியாதையாகச் சொன்னார். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி வண்டியாம். கிளம்பும்போது சத்தமே வராதாம்.

சத்தம் வராத வண்டி ஓடுகிறது என்று நான் எப்படி நம்புவது? காதை வைத்துக்கொண்டு பிழைக்கிறவள் நான். என்னிடம் போய் இப்படி ஒரு வண்டியைக் கொடுத்தால்?

யார் ஓட்டியது?

வயலின் பெட்டியை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஆதம்பாக்கம் வாசகி ஒருவர், அங்கே ஊர் ஊராக உங்களை யார் அழைத்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அந்தந்த ஊர்ச் சங்கத்தில் யாராவது ஒருவர் ஓட்டுவார். அன்றைக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சல். பாலாஜிக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் தெரியும். கோமதிக்கு சைக்கிள்கூடத் தெரியாது. நான் மந்தைவெளியிலிருந்து கிளம்பும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சர்வதேச லைசென்ஸுக்கு அலைந்து வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த ‘எதற்கும்’ அன்றைக்கு எதிரே வந்து நின்றது.

கவுன்டரில் ‘மிட்சைஸ்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். நடுத்தர அளவாம். எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தால் இஸ்திரி வண்டி, இளநீர்க்காரர், வரிசையாக நிற்கிற ஸ்கூட்டர்கள் எல்லாம் இடம்பெயர வேண்டும். இது நடுத்தரம் என்றால் இவர்களுடைய பெரிசு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பக்கத்திலேயே ஒன்று நின்றது. அதில் ஏறப் படிக்கட்டு வைத்திருந்தார்கள்.

சரி, வண்டியைக் கிளப்பினேன், அதாவது கிளம்பிவிட்டதாக நம்பினேன். உடனே டிங், டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. என் பெல்ட் போட்டிருக்கிறேன், கோமதி போட்டிருக்கிறாள், பாலாஜியும் போட்டிருக்கிறான். பிறகு யாருக்கு இந்த மணி? பாலாஜிதான் கண்டுபிடித்தான். மிருதங்கங்களை ஆட்கள் என்று வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது.

டிக்கியில் போடேன் என்றேன். டிக்கிச் சூட்டில் தோல் போய்விடும் என்றான். அப்படியானால் ஒன்றையாவது தங்கியிருந்த வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்றேன். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று வேண்டுமே மாமி என்றான். சென்னையில் ஒரே மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிறவனுக்கு இங்கே வந்ததும் என்ன திடீர் ஜாக்கிரதை என்று எனக்குக் கடுப்பு. விமானத்தில் ஏறியதிலிருந்தே அந்த இரண்டாவது மிருதங்கத்தோடு எனக்கு ஆகவில்லை. ஒவ்வொரு காரிலும் அது என் காலடியிலோ மடியிலோ வந்து உட்கார்ந்தது.

கடைசியில் இரண்டுக்கும் பெல்ட் போட்டான். மணி நின்றது. அந்த டிங் என்ன சுருதி என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் யோசித்திருக்கிறோம். கோமதி வாயைத் திறக்காமல் ஐந்து விரலைக் காட்டினாள். பிறகு ஆள்காட்டி விரலைப் பாதி மடக்கிக் காட்டினாள். ஐந்தரை. அவளுடைய சுருதி.

கோமதி பேசாத காரணம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோமதியும் நானும் மயிலாப்பூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் பாட, நான் வாசிக்க, அப்படியே தலை நரைத்துவிட்டது. கட்டை என்று நாங்கள் சொல்வது சுருதியின் உயரத்தை. ஹார்மோனியக் கட்டையை எண்ணி வந்த பேச்சு. ஐந்தரைக் கட்டையில் கணீரென்று பாடுகிறவள் என்பது ஊரில் அவளுடைய விலாசம். இந்தப் பயணத்துக்கு முந்தின வருஷம் அவளுக்குத் தைராய்டில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் ஆயிற்று. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். பேச்சு சரியாக வந்தது. பாட்டும் வந்தது. ஆனால் மேலே போகும்போது குரல் ஒரு இடத்தில் நூல் மாதிரி இளைத்து அறுந்தது.

அமெரிக்காவில் முதல் ஊரில் மேல் ஸ்தாயிப் பக்கமே போகாமல் சமாளித்தாள். இரண்டாவது ஊரில் போனாள், உடைந்தது. சனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கை தட்டலில் இருந்த பரிவு என்னால் தாங்க முடியவில்லை. அவளால் எப்படி முடிந்திருக்கும்?

அன்று காலை, தங்கியிருந்த வீட்டுச் சமையலறையில் காபியை ஆற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“இன்னிக்கும் இதே மாதிரி ஆச்சுன்னா நிறுத்திண்டுடறேன் வசு. பாக்கி ஊரெல்லாம் வேண்டாம். மெட்ராஸ்லயும் வேண்டாம்.”

அதற்குப் பிறகு தொண்டைக்கு ஓய்வு என்று வாயை மூடிக்கொண்டாள்.

சுருதியை இறக்கிக்கொண்டால் போதும். எனக்குத் தெரியும். பாலாஜிக்கும் தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கவாத்தியக்காரர்கள் பாடகியின் சுருதியைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். புடவை நன்றாக இல்லை என்று சொல்லலாம், ராகம் இழுவை என்றுகூடச் சொல்லலாம், சுருதியை இறக்கு என்று சொல்லக் கூடாது. உன் கதை முடிந்தது என்று சொல்வதற்குச் சமம் அது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளாக இருந்தாலும் அதேதான். எத்தனையோ தரம் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவளும் தானாக இறக்க மாட்டாள். மயிலாப்பூர் சபாக்களில் மூன்றாவது வரிசை மாமாக்களின் காதில் அவளுடைய ஐந்தரை ஆணி அடித்து உட்கார்ந்திருக்கிறது. இறக்கினால், ‘கோமதி இறக்கிட்டாளாமே’ என்ற பேச்சு தனி ஆவர்த்தனம் முடிவதற்குள் கேன்டீனுக்குப் போய் ரவா தோசையோடு பரிமாறப்படும்.

காதால் ஓட்டுகிறவள்

நெடுஞ்சாலையில் ஏறினேன். எல்லாம் தலைகீழ். திரும்ப விளக்குப் போட்டால் வைப்பர் ஆடியது. கியர் மாற்றப் போன இடது கை கதவில் இடித்தது. இடது கால் இல்லாத கிளட்சைத் தேடி மிதித்தது. ரோட்டுக் கோட்டை டயர் லேசாக மிதித்தால் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது. நம்மூரில் ரோட்டில் கோடு போடுவது விசேஷத்துக்குக் கோலம் போடுகிற மாதிரி, யாரும் அதன் மேல் நடக்காமல் இருப்பதில்லை. இந்த வண்டிக்கு அது தெரியவில்லை.

ஆனால் என்னைத் தவிக்கவிட்டது இதெல்லாம் இல்லை. சத்தம் இல்லாததுதான்.

நான் கார் பழகியது முப்பது வயதுக்கு மேல், அடையாறில் ஒரு டிரைவிங் ஸ்கூலில். கற்றுக்கொடுத்தவர் பெயர் ஏழுமலை. எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. முதல் நாளே அதட்டினார்.

“இன்னாமா நீ, கண்ணாடியவே பாத்துக்கினு கீறே? காத தொறந்து வை. பின்னாடி பஸ்ஸு வந்துக்கினு கீது, கேக்கல?”

அன்றிலிருந்து நான் காதால்தான் ஓட்டுகிறேன். தி.நகரில் பனகல் பார்க்கைச் சுற்றி வரும்போது எனக்குக் கண்ணாடி வேண்டாம். குட்டியாகப் பீப் என்றால் ஸ்கூட்டர், இடது பக்கம் நுழையப் போகிறான். அலறினால் தண்ணி லாரி, ஒதுங்கிவிட வேண்டும். விடாமல் அழுதுகொண்டே வந்தால் ஷேர் ஆட்டோ, எப்போது நிற்பான் என்று அவனுக்கே தெரியாது. நானும் பதிலுக்கு அடிப்பேன். அது கோபம் இல்லை. இருக்கேன்ப்பா, வரேன்ப்பா என்கிற பேச்சு.

இங்கே பேசுவாரே இல்லை. எவ்வளவு பெரிய லாரிகள்! ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. முந்தும்போது பழக்கதோஷத்தில் ஒரு சின்ன ஹாரன் கொடுத்தேன். அந்தக் காரிலிருந்த அம்மாள் தன் வண்டியில் ஏதோ தீப்பிடித்துவிட்டது போலப் பதறிச் சுற்றிமுற்றும் பார்த்தாள். பாவமாகிவிட்டது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

இரண்டு பக்கமும் சோளக்காடு. வளைவே இல்லாத ரோடு. தூக்கம் வரும்போல இருந்தது. பாலாஜி ஃபோனில் படித்துப் பார்த்து, ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னான். அழுத்தினால் வண்டி தானே ஒரே வேகத்தில் போகும், பிளஸ்ஸை அழுத்தினால் வேகம் கூடும், மைனஸை அழுத்தினால் குறையும், முன்னால் வண்டி வந்தால் தானே மெதுவாகும் என்றான். காலை எடுத்துவிட்டு நான் என்ன, பொம்மையா என்று கேட்டேன். ஆனாலும் ஆர்வம் யாரை விட்டது? எழுபது மைலில் வைத்து அழுத்தினேன். காலை எடுத்தேன். ஆச்சரியம்தான். வண்டி பாட்டுக்குப் போயிற்று.

ரோடு பாட ஆரம்பித்தது

தார் ரோடு முடிந்து சிமென்ட் ரோடு வந்தது. அதில் குறுக்கே மெல்லிசாகக் கோடுகள் கீறியிருந்தார்கள், மழையில் சறுக்காமல் இருக்கவாம். டயர் அதன் மேல் ஓட ஓட ஒரு ஓசை எழுந்தது. இரைச்சல் இல்லை. ஒற்றை ஸ்வரம். நீளமாக, அசையாமல், எங்கிருந்தோ தம்புரா மீட்டுகிற மாதிரி.

நான் பாலாஜியைக் கண்ணாடியில் பார்த்தேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கோமதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், ஆனால் தலை ஓசைப் பக்கம் சாய்ந்திருந்தது. ஐந்தரை. ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கேயும் வந்து அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டுமா அந்த ஐந்தரை?

அப்போது முன்னால் ஒரு லாரி வந்தது, வைக்கோல் உருளைகளை ஏற்றிக்கொண்டு, நிதானமாக. எங்கள் வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதன் பின்னால் போயிற்று. வேகம் இறங்க இறங்க ஓசையும் இறங்கியது. ஐந்து. அதற்கும் கீழே. நாலரையில் வந்து நின்றது. லாரி அதே வேகத்தில் போக, ஓசையும் அங்கேயே தங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, இப்போது இரண்டு ஓசை கேட்கிறது என்று. ஒன்று ரோடு. இன்னொன்று கோமதி. வாயை மூடியபடி முனகிக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். முனகல் மெல்ல மேலே போயிற்று. மேல் ஷட்ஜம், அதற்கு மேல் ரிஷபம், காந்தாரம். எப்போதும் அறுகிற அந்த இடம் வந்தது. அறுந்துபோகவில்லை. தாண்டிப் போயிற்று.

ஸ்டியரிங்கில் எந்தப் பொத்தானிலும் விரல் படாமல் பார்த்துக்கொண்டேன்.

லாரிக்காரர் பிரிந்து போகிற பாதையில் இறங்கிப் போய்விட்டார். வழி கிடைத்ததும் எங்கள் வண்டி தானே பழைய எழுபதுக்குப் பாய்ந்தது. ஓசை ஏறியது. அவளும் கூடவே ஏறினாள், காந்தாரத்தில் குரல் பிளந்து இருமினாள். மஃப்ளரைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ரோட்டையே பார்த்தேன்.

ஒரு நிமிஷம் இருக்கும். என் கைப்பக்கம் ஏதோ அசைந்தது. கோமதி கட்டைவிரலை நீட்டி, காற்றில் ஒரு பொத்தானை அழுத்துகிற மாதிரி அழுத்திக் காட்டினாள். கீழே. இன்னும் கீழே.

மைனஸை அழுத்தினேன். ஓசை ஒரு இழை இறங்கியது. மறுபடி அழுத்தினேன். இறங்கியது. ஒரு தரம் ரொம்ப இறங்கிவிட்டது, அவள் விரலை மேலே காட்டினாள், பிளஸ்ஸை ஒரு தட்டுத் தட்டினேன். கச்சேரிக்கு முன்னால் தம்புராவைச் சேர்த்துக்கொள்வோமே, அதே மாதிரி அந்த நடுத்தரக் காரைச் சுருதி சேர்த்தோம். நாலரையில் வந்ததும் அவள் கையைக் காட்டினாள், போதும் என்று.

பிறகு பாடினாள். வாயைத் திறந்து, காம்போதி. முதலில் கீழேயே சுற்றினாள். அப்புறம் தயங்காமல் ஏறினாள். மேல் காந்தாரம், மத்தியமம், பஞ்சமம். பஞ்சமத்தில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பழைய கணீர் இல்லை. இது வேறு குரல். கொஞ்சம் கனமாக, ஆறிய பாலில் ஏடு படிந்த மாதிரி. இந்தக் குரல் எங்கேயடி இருந்தது இத்தனை நாள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. பின்னால் பாலாஜி சீட்டின் முதுகில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி ஓட்டும்போது அழக் கூடாது, கண்ணை மறைக்கும். புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

நாங்கள் இறங்க வேண்டிய பாதை வந்தது. ஃபோனில் வழி சொல்கிற பெண்குரல் வலது பக்கம் போ என்றது. போனால் தார் ரோடு. நான் நேராகவே போனேன். அது மறுபடி சொன்னது. பாலாஜி கையை நீட்டி அதன் வாயை அடைத்தான். சிமென்ட் ரோடு எங்கே முடிந்ததோ அங்கேதான் திரும்பினோம். ஓசை நின்ற பிறகும் அவள் அதே சுருதியில் பாடிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது பெல்ட்

கச்சேரி நடக்கிற பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தினேன். தாமதம்தான். சங்கத்துக்காரர்கள் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பொத்தானை அழுத்தி வண்டியை அணைத்தேன். அணைந்ததா இல்லையா என்று இப்போதும் தெரியவில்லை.

கோமதி இறங்கவில்லை. மஃப்ளரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அன்றைக்குக் காலைக்குப் பிறகு முதல் பேச்சுப் பேசினாள்.

“வசு, நாலரைக்கு வெச்சுக்கோ.”

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அதற்குள் அவள் முகம் வாடிவிட்டது. பின்னால் திரும்பினாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வயலின் தந்தியைத் தளர்த்திக்கொள்ளலாம். மிருதங்கம் அப்படி இல்லை. ஐந்தரைக்குக் கட்டியது நாலரைக்கு இறங்கினால் நாதம் செத்துவிடும். அதற்கென்று கொஞ்சம் பெரிய மிருதங்கமே வேறு வேண்டும். இந்த ஊரில் யாரிடம் போய்க் கேட்பது?

“ஒன்னண்டதான் கேக்கணும் பாலாஜி. ஏதாவது பண்ண முடியுமாப்பா?”

நாற்பதை நெருங்குகிறவன், இரண்டு பெண்களுக்குத் தகப்பன், அவன் காது சிவந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். என் சீட்டுக்குப் பின்னாலிருந்த மிருதங்கத்தின், நான் விமானத்திலிருந்து திட்டிக்கொண்டே வந்த அந்த இரண்டாவது மிருதங்கத்தின் பெல்ட்டைக் கழற்றினான். உறையின் ஜிப்பைத் திறந்தான். மற்றதைவிட அது ஒரு பிடி பெரிசு.

“இது நாலரை மாமி. ஆத்துலேர்ந்து கிளம்பறச்சயே எடுத்துண்டு வந்துட்டேன்.”

கோமதி அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாமேடா என்று அவள் கேட்கவில்லை. எப்படிச் சொல்லியிருப்பான்? அவளும் எங்கள் வழக்கத்தில் வளர்ந்தவள்தானே. கையை நீட்டி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

அன்றைக்குக் கச்சேரி எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. பாக்கி ஊர்கள் எல்லாவற்றுக்கும் போனோம் என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் மார்கழி. மயிலாப்பூரில் சபா நிரம்பியிருந்தது. மூன்றாவது வரிசையில் மாமாக்கள் தயாராக இருந்தார்கள். திரை விலகியதும் கோமதி, மைக் இருக்கிறது என்று தெரிந்தே, தம்புராக்காரப் பெண்ணிடம் நாலரை என்றாள். மூன்றாவது வரிசையில் தலைகள் ஒன்றையொன்று நெருங்கின. கேன்டீனுக்குச் செய்தி கிளம்பிவிட்டது.

பாலாஜி தன் பெரிய மிருதங்கத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். கோமதி என் பக்கம் திரும்பினாள். முழங்காலுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் கட்டைவிரலை நீட்டி, காற்றில் இரண்டு தரம் அழுத்திக் காட்டினாள்.

நான் வயலின் பிருடையைத் திருகிச் சுருதி சேர்த்துக்கொண்டேன்.